துணியைக் கிழித்துப் பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் சிறுவிமானம் கட்டுகிற, கட்ட ஆசைப்படுகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுதிக்கொள்வது.

போன முறை ஊருக்கு வந்திருந்தபோது உங்களில் மூன்று பேர் என்னை ஒரு தகரக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய், கட்டிக்கொண்டிருந்த இறக்கையைக் காட்டினீர்கள். அலுமினியக் குழாயில் எலும்புக்கூடு. பாதிக்குத் துணி போர்த்தியிருந்தது. லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிவரும்போது கட்டு அவிழ்ந்து இறக்கை தெருவில் விழுந்ததாம். முன்குழாய் ஓரிடத்தில் நெளிந்துவிட்டதாம். அதை நிமிர்த்தி, குழிந்த இடத்தில் பைபர் துணியும் றெசினும் வைத்துச் சுற்றி, தேய்த்து, பெயின்ற் அடித்து முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். "எந்த இடம் எண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம் அண்ணை" என்றார் ஒரு தம்பி. தடவிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன், டோர்ச் அடித்தும் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு நேர்த்தி.

அந்த நேர்த்திதான் அன்றிரவு என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. உங்கள் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நீங்கள் தேத்தண்ணி தந்து, கதிரை துடைத்துப் போட்டு இருத்தியிருந்தீர்கள். ஆகவே இப்போது எழுதுகிறேன். உங்கள் மூவருக்கு மட்டுமல்ல, அந்தக் கொட்டிலைப் போல வேறு கொட்டில்களில் இதே கனவோடு இருக்கிற எல்லோருக்கும்.

உங்கள் கைவேலை எனக்கு அந்நியமில்லை. நான் பரந்தன் பக்கத்தில் சைக்கிள் திருத்துகிறவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவன். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை. சில சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளைத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலம். கிழிந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்து அப்பா தைப்பார். முறிந்த குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகி ஒட்டுவார். "இது கொஞ்சநாள் ஓடும்" என்பது அவருடைய உத்தரவாதம். அந்தக் கொஞ்சநாளை நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஓட்டினோம். இல்லாததை வைத்துச் சமாளிக்கிற அந்தக் கலையில் வன்னியானுக்குக் குரு வேண்டியதில்லை.

இறக்கைக்கு மட்டும் அது ஆகாது. இந்த மடலில் நான் சொல்ல வந்தது அவ்வளவும் இதுதான். மிச்சமெல்லாம் ஏன், எப்படி என்பதற்காக.

நிறையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் 1982 இல் வந்த விதி ஒன்று, உரிமம் இல்லாமல் பறக்கக்கூடிய ஒற்றை ஆள் மீயிலகு விமானத்தின் வெற்று நிறை 254 இறாத்தலுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. ஏறத்தாழ 115 கிலோ. ஒரு சாதாரண மோட்டார் சைக்கிளின் நிறை. எஞ்சின், இருக்கை, சில்லு, வால், இரண்டு இறக்கை எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அப்படியானால் உபரியாக ஒரு குழாயும் கிடையாது, ஒரு பலகையும் கிடையாது. உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு சட்டம் வெடித்தால் மற்றச் சட்டங்கள் தாங்கும். இங்கே அந்த மற்றச் சட்டங்கள் இல்லை.

இறக்கையின் முதுகெலும்பை ஸ்பார் என்பார்கள். நான் வளை என்றே எழுதுகிறேன். கூரையில் முகட்டு வளை செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. குறுக்கே இருப்பவை விலாக்கள். கீழிருந்து இறக்கைக்குப் போகிற கம்பம் முட்டு. இந்த முட்டைப் பற்றி ஒரு சொல். விமானம் நிலத்தில் நிற்கும்போது அது இறக்கையைத் தாங்குகிற முட்டு. பறக்கும்போது இறக்கை மேலே போகப் பார்க்கும். முட்டு அதைக் கீழே இழுத்துப் பிடிக்கிற கயிறாகிவிடும். நிலத்தில் ஆட்டிப் பார்த்து "முட்டு இறுக்கமாய்த்தான் இருக்கு" என்று சொல்வதில் அரைவாசி உண்மைதான் இருக்கிறது.

இனி என் கதை. ஒன்ராறியோவில் ஒரு புல் ஓடுபாதையில் என்னுடைய ஒற்றை ஆள் விமானத்தை மெல்ல ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். மர வளை, துணி போர்த்திய இறக்கை. பக்கக் காற்று ஒன்று வந்தது, எங்கள் ஊர்ச் சோளகம் போலத் திடீரென்று. ஒரு பக்க இறக்கை எழும்பியது, மற்றதன் நுனி புல்லில் குத்தியது. எனக்கு ஒன்றுமில்லை. நுனி வளைவு உடைந்திருந்தது, துணி ஒரு சாண் கிழிந்திருந்தது. இரண்டு பின்னேர வேலை. நுனியைப் புதிதாகச் செய்து, துணிக்கு ஒட்டுப்போட்டு, அடுத்த சனிக்கிழமை பறக்கத் தயாராக நின்றேன்.

அந்த ஓடுபாதையில் ஒரு வயோதிப மெக்கானிக் இருந்தார். அவர் என் ஒட்டைப் பார்க்கவேயில்லை. நுனியில் கை வைத்து மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி, நுனியிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி, முட்டு வந்து பூட்டுகிற இடத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அந்த இடத்தில் துணியின் மேல் சரிவாக ஓடிய இரண்டு மெல்லிய சுருக்கங்களைக் காட்டினார். "இதை வெட்டு" என்றார். புதுத் துணி. நான் தயங்கினேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து என் கையில் வைத்தார்.

உள்ளே நேராக டோர்ச் அடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. மரத்தின் நாரோடு ஒட்டி, தாழ்வாக, பக்கவாட்டில் வெளிச்சத்தைப் படரவிடச் சொன்னார். வளையின் மேல்முகத்தில், நாருக்குக் குறுக்கே, தலைமயிர் அளவில் ஒரு கோடு நிழல் விழுத்தியது. அழுத்த வெடிப்பு என்று அதற்குப் பெயர். நுனி நிலத்தில் குத்தியபோது வளை மேல்நோக்கி வளைந்தது. மேல்முகத்து நார்கள் நெருக்குண்டு மடிந்தன. வளைவு விட்டதும் மரம் தன் பழைய நேருக்கு வந்துவிட்டது, மடிந்த நார் வரவில்லை. துணி மூடியிருந்தால் அந்தக் கோட்டை யாரும் காணமாட்டார்கள். அமெரிக்காவில் பெருந்தொகையாக விற்பனையான மர வளை விமானங்களிலேயே இந்த வெடிப்பு கண்டுபிடிக்கப்பட்டு, தொண்ணூறுகளின் இறுதியில் எல்லாவற்றையும் திறந்து சோதிக்கும்படி அரசு கட்டளையிட வேண்டிவந்தது.

கழற்றிய வளையை அந்தக் கோட்டில் வைத்து முழங்காலில் முறித்துப் பார்த்தோம். நல்ல மரம் முறிந்தால் சிம்பு சிம்பாக, நார் நீண்டு முறியும். இது மரவள்ளிக்கிழங்கு போல நறுக்கென்று முறிந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடி விழுந்த இடம் ஒன்று, உடைந்த இடம் இன்னொன்று. விசை தான் நுழைந்த வாசலில் நிற்பதில்லை. நுனியில் விழுந்த அடி, முட்டு பூட்டுகிற இடத்துக்கும் இறக்கை உடம்போடு சேருகிற அடிக்கும் நடந்து போகும். வலுத்தகடு முடிகிற ஓரம், ஆணி போன துளை, இவற்றில்தான் அது பல்லைப் பதிக்கும். ஆகவே ஒரு இறக்கை விழுந்தாலோ மோதினாலோ கிழிந்த இடத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் இறக்கையின் அடிக்குப் போங்கள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவாக இழுபட்டிருக்கிறதா? றிவெற் தலையைச் சுற்றிக் கரிபோல ஒரு பொடி வழிந்திருக்கிறதா? இருந்தால் அந்த றிவெற் உள்ளே ஆடுகிறது, உலோகம் உலோகத்தைத் தின்கிறது. விலாக்களைப் பிடித்து ஆட்டுங்கள். உள்ளே குறுக்கே ஓடும் கம்பிகளில் ஒன்று தொய்ந்து மற்றது வீணைத் தந்திபோல் இறுகியிருந்தால், இறக்கை மேலிருந்து பார்க்கச் சரிவகமாகியிருக்கிறது. அதை அறிய மேசன்மாரிடம் கேளுங்கள். அத்திவாரம் வெட்டும்போது மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு குறுக்கும் ஒரே அளவா என்று பார்ப்பார்களே, அதேதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறுக்களவு எடுங்கள். எந்த அளவு சரியென்று சந்தேகம் வந்தால் அடிபடாத மற்ற இறக்கை உங்களிடம் இருக்கிறது.

இப்போது உங்கள் குழாய்க்கு வருகிறேன். மனம் நோகவேண்டாம்.

வெறுமையான குளிர்பான ரின் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதன் மேல் கவனமாக ஒரு காலில் ஏறி நில்லுங்கள். தாங்கும். அப்படியே நிற்க, இன்னொருவரை அதன் பக்கத்தில் விரலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். கண்மூடித் திறக்குமுன் சப்பளிந்துவிடும். மெல்லிய சுவர்க் குழாயின் பலமெல்லாம் அதன் வட்டத்தில் இருக்கிறது. குழிந்த இடத்தில் வட்டம் இல்லை. நிமிர்த்தியபோது வட்டம் திரும்பி வந்ததுபோல் தெரிந்தாலும், விமானங்களுக்குப் பயன்படுகிற 6061 ரி6 ரக அலுமினியம் ஒருமுறை நெளிந்து ஒருமுறை நிமிர்ந்தால் உள்ளே நுண்வெடிப்புகளோடு நிமிரக்கூடும். சூடாக்கினாலோ வெல்டிங் செய்தாலோ இன்னும் மோசம். அந்த ரகத்தின் பலம் சூட்டுப் பதத்தில் கிடைத்தது, சூட்டிலேயே ஏறத்தாழ அரைவாசி போய்விடும். பைபர்? முல்லைத்தீவுக் கரையில் படகு திருத்துகிறவர்களின் கை உலகத்தில் எந்தக் கைக்கும் குறைந்ததல்ல. ஆனால் படகு றெசின் அலுமினியத்தைச் சரியாகப் பிடிக்காது. வெயிலில் குழாய் நீளும், இரவில் சுருங்கும், பைபர் அதே அளவில் நீளாது. சில மாதத்தில் உள்ளே பிரிந்து, வெளியே மினுங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் அந்தக் காயத்துக்கு மருந்து போடவில்லை, சேலை போர்த்தியிருக்கிறீர்கள்.

நெளிந்த குழாய்க்கு ஒரே திருத்தம் புதுக் குழாய். விமானத்தின் வரைபடமே உட்குழாய் செருகித் திருத்தலாம் என்று இடமும் நீளமும் போல்ட் அளவும் குறித்துத் தந்திருந்தால் செய்யலாம். தராவிட்டால் கிடையாது. போல்ட்டும் அப்படித்தான். விமான போல்ட்டின் தலையில் குறுக்குக் கோடுகள் பொறித்திருக்கும். இரும்புக்கடைப் போல்ட் பார்வைக்கு அதே தடிப்பில் இருக்கும், பலத்தில் இராது. போல்ட்டின் புரி துளைக்குள் தாங்கக்கூடாது, வழுவழுப்பான தண்டுதான் தாங்கவேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக்காற்றில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். துடைத்துவிட்டுப் போகாதீர்கள், கழற்றிப் பாருங்கள்.

மரத்தில் கட்டுகிறவர்களுக்கும் சொல்லவேண்டும். எங்கள் பாலையும் முதிரையும் வீட்டுக்குச் சிங்கம் போன்றவை. பாலை தண்ணீரளவு கனம். விமான வளைக்குப் பெயர்பெற்ற ஸ்புரூஸ் மரம் அதில் பாதியும் இல்லை, ஆனால் நார் நேராக ஓடும். நார் 15 அங்குலத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சரிந்தால் அந்தப் பலகையை ஒதுக்கிவிடுவார்கள். உடைந்த வளையை ஒட்டலாம், அதற்கு முறை உண்டு. இரண்டு முனைகளையும் நீண்ட சரிவாகச் சீவவேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு 10 முதல் 12 அங்குலச் சரிவு. ஒட்டின் மேல் வலுத்தகடு வரும். ஒரு வளையில் இரண்டு ஒட்டுக்கு மேல் கூடாது. முட்டு பூட்டுகிற இடத்திலும் இறக்கை உடம்போடு சேருகிற இடத்திலும் ஒட்டே கூடாது. என் வளை வெடித்தது அப்படியான இடத்தில். ஆகவே முழு வளையும் புதிது. எட்டு மாதம் எடுத்தது.

பசை கலக்கும் ஒவ்வொரு முறையும் அதே கலவையில், அதே மரத்தின் இரண்டு துண்டுகளை ஒட்டி, திகதி எழுதி வையுங்கள். காய்ந்தபின் உளி வைத்துப் பிளந்து பாருங்கள். மரம் கிழிந்தால் ஒட்டு நல்லது. பசைக்கோடு பிரிந்தால் இறக்கையில் போட்ட ஒட்டும் அப்படித்தான், திரும்ப வெட்டுங்கள். தளபாடக் கடை வெள்ளைப் பசை நம்முடைய சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, சுமையோடு மெல்ல நழுவும். எபொக்சியும் சூட்டில் இளகும்; அதனால்தான் எபொக்சியும் பைபருமாய்க் கட்டிய விமானங்களுக்கு வெள்ளை நிறம் பூசுகிறார்கள். துணியும் வெயிலுக்குச் சாகும். புதிய துணிக்கு வேண்டிய பலத்தில் 70 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அமெரிக்க விதிப்படி அது கழிவு.

"இதெல்லாம் காசுள்ள நாட்டுக் கதை அண்ணை" என்பீர்கள். அப்படியானால் இரண்டு சைக்கிள் கடைக்காரரைச் சொல்கிறேன். 1903 நவம்பர் 28 அன்று, பறக்க எல்லாம் தயாரான நேரத்தில், ரைட் சகோதரர் விசிறித் தண்டு ஒன்றில் வெடிப்பைக் கண்டார்கள். குளிர்காலம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பட்டி போட்டு இறுக்கிப் பறந்திருக்கலாம், எங்களைவிட மோசமான சமாளிப்பாளர்கள் அல்ல அவர்கள். ஓர்வில் மூட்டை கட்டிக்கொண்டு பல நூறு கிலோமீற்றர் ரயிலேறி டேற்றன் போய், நல்ல உருக்கில் புதுத் தண்டு செய்து டிசம்பர் 11 இல் திரும்பி வந்தார். 14 ஆம் திகதி வில்பர் எழும்பி மூன்றரைச் செக்கனில் விழுந்தார். முன்பகுதி உடைந்தது, அதையும் திருத்தினார்கள். 17 ஆம் திகதி நான்கு முறை பறந்தார்கள். கடைசிப் பறப்பு 59 செக்கன், 852 அடி. அன்றே ஒரு காற்று அந்த விமானத்தைப் புரட்டி உடைத்தது. அது பிறகு பறக்கவேயில்லை. அதைத் திருத்திப் பறக்க அவர்கள் முயலவுமில்லை.

கிட்டவும் ஒருவர் இருக்கிறார். கேரளத்தின் இடுக்கியில் சஜி தோமஸ், காது கேளாத, வாய் பேசாத மனிதர், பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டவர். அவர் கட்டிய சிறுவிமானம் 2014 இல் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டியவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. கட்டியவரின் கண்ணுக்கு மேல் இன்னொரு தேர்ந்த கண் பார்த்தது. உங்களுக்கும் அந்த இரண்டாவது கண் வேண்டும். அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. போய்க் கதவைத் தட்டுங்கள். இரத்மலானையில் பறப்புப் பயிற்சிப் பாடசாலைகள் உண்டு. ஒரு கிழமை அங்கே நின்று, திறந்து கிடக்கிற இறக்கை ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கட்டி முடித்த இறக்கையைச் சோதிக்கிற வழியையும் சொல்லிவிடுகிறேன். இறக்கையைக் குப்புறப் போட்டு, விமானத்தில் பூட்டுகிற அதே போல்ட்டுகளாலும் முட்டாலும் ஒரு பலமான சட்டத்தில் பூட்டுங்கள். மேலே மணல் பைகளை அடுக்குங்கள். 250 கிலோ விமானம் 3.8 மடங்கு சுமைக்குக் கட்டப்பட்டதானால் மொத்தம் 950 கிலோ. ஒரு இறக்கைக்கு 475. ஒன்பதரைச் சீமெந்து மூடை. அதைச் சிறு பைகளாக்கி, முன் விளிம்பிலிருந்து அகலத்தின் நாலில் ஒரு பங்குக் கோட்டை மையமாக வைத்து, நீளத்துக்குப் பரவி அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நுனி எவ்வளவு தாழ்கிறதென்று அளவுகோலில் குறியுங்கள். கீழே ஒருவரும் குனியக்கூடாது. இறக்கியபின் நுனி பழைய கோட்டுக்குத் திரும்பவேண்டும். சில மில்லிமீற்றர் தாழ்ந்தே நின்றால் உள்ளே ஏதோ இடம்கொடுத்திருக்கிறது.

இன்னும் ஒன்று. இதை வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதத் தேவையில்லை.

வன்னியின் வானத்துக்கு ஒரு நினைவு உண்டு. கிபிர்ப் போர்விமானத்தின் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிய தாய்மார் இன்னும் உங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். "வண்டு" என்று நாங்கள் பெயர் வைத்த ஆளில்லா விமானத்தின் ரீங்காரம் இரவிரவாகத் தலைக்கு மேல் சுற்றியது. இரணைமடுவில் ஓடுபாதை இருந்ததும், செக் நாட்டுச் சிறுவிமானங்களைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்து பொருத்தியதும், 2007 மார்ச்சில் அவை கட்டுநாயக்க வரை போய்க் குண்டு போட்டதும் இந்த மண்ணின் வரலாறு. ஆகவே இங்கே ஒருவர் கொட்டிலுக்குள் இறக்கை கட்டுகிறார் என்றால் அயலாரும் அதிகாரிகளும் பார்க்கிற பார்வை வேறு. மறைத்துக் கட்டாதீர்கள். இந்த நாட்டில் பறப்பது 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்துக்குக் கீழே வருகிறது. சிவில் விமான அதிகாரசபைக்கு முதலிலேயே எழுதுங்கள், பதில் வரும்வரை நிலத்தை விட்டு எழும்பாதீர்கள். எஞ்சினை முதன்முதல் இயக்குகிற நாளில், அதற்கு முன், பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். வயதானவர்களைக் கூப்பிட்டுக் கொட்டிலுக்குள் இருத்தி, இதுதான் சத்தம் போடப்போகிறது, இதில் ஒன்றுமில்லை, துணியும் குழாயும்தான் என்று தொட்டுப் பார்க்கவிடுங்கள்.

அந்த முன்குழாய்ச் செலவு என்னுடையது. வெளிவிட்டம், சுவர்த் தடிப்பு, நீளம் மூன்றையும் வேணியர் இடுக்கியால் அளந்து எழுதுங்கள். நெளிந்த இடத்திலிருந்து ஒரு அடி தள்ளி, மூன்று இடத்தில் அளவெடுக்கவேண்டும். பழைய குழாயை எறியாதீர்கள். பைபரை உரித்து, நெளிந்த இடத்தை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, வெயிலில் பிடித்து உட்சுவரைப் பாருங்கள். படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். அந்தச் சவால் விட்ட தம்பியையே வாள் பிடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பரந்தன் சைக்கிள் கடைக்காரரின் மகன்